காணாமல் போன நாயைத் தேடும்போது துரத்தாதீர்கள்

நாய் காணவில்லை என்றதும் பத்துப் பேர் சேர்ந்து பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுவோம். உதவத்தான் ஓடுகிறோம். ஆனால் மிரண்டுபோன நாய்க்கு அது வேட்டை மாதிரி. வளர்த்தவர் குரலைக் கேட்டாலும் சில நாய்கள் இன்னும் தூரமாக ஓடிவிடும். நேராகச் சாலைக்குள் பாய்ந்துவிடுமோ என்பதுதான் என் பெரிய பயம்.

அதனால் தேட வருகிற எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பார்த்தால் துரத்த வேண்டாம், போட்டோ எடுத்து, இடத்தையும் எந்தப் பக்கம் போனது என்பதையும் உடனே சொன்னால் போதும். சுவரொட்டியிலும் பெரிய எழுத்தில் இதையே போடுங்கள். நாயின் ஏதாவது ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்திருங்கள், நாய் தங்களிடம் இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டு ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்க உதவும்.

நாய் கண்ணில் பட்டுவிட்டால்? தரையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்காருங்கள். கண்ணை நேராகப் பார்க்காமல், வாசனை தூக்கலான தீனியைப் பக்கத்தில் மெதுவாகப் போடுங்கள். நாய் தலையைத் தாழ்த்தி, மூக்கை நீட்டி, ஓரடி வைத்து நின்று நின்று வரும். கை நீட்டிப் பிடிக்க அவசரப்படாதீர்கள், அதுவாக வரட்டும்.

அப்புறம், கடைசியாகப் பார்த்த இடத்தில் நீங்கள் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றைப் போட்டு வையுங்கள். சந்தடி அடங்கிய விடியற்காலையில் அங்கே மறுபடி போய்ப் பாருங்கள். நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு அடியிலும் டார்ச் அடியுங்கள்.