சதவீதம் என்றால் 'எதில்?' என்று கேளுங்கள்

ஆடி மாதம் தி.நகர் போனால் உஸ்மான் ரோட்டில் கடைக்குக் கடை சதவீதம்தான் தொங்கும். '50% + 20% தள்ளுபடி' என்று பார்த்ததும் பலர் மனதுக்குள் 70 என்று கூட்டிவிடுகிறார்கள். 2,000 ரூபாய்ப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாதி போய் 1,000. அடுத்த 20 சதவீதம் அந்த ஆயிரத்தில்தான் கழியும், 200 போய் மிச்சம் 800. ஆக, விலையில் கழிந்தது 60 சதவீதம்தான். 600 ரூபாய்தான் ஆகும் என்று நினைத்து எடுத்து வைத்தவர் பில் போடும் இடத்தில் வாக்குவாதம் செய்வது இதனால்தான்.

'2 வாங்கினால் 1 இலவசம்' என்றால் பாதி விலை இல்லை, மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம்தான் தள்ளுபடி. பற்பசையில் '20% கூடுதல்' என்று போட்டிருந்தாலும் 20 சதவீதம் விலை குறைந்ததாக ஆகாது. 100 கிராம் விலைக்கு 120 கிராம் கிடைக்கிறது, கணக்குப் போட்டால் சேமிப்பு 17 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே.

இதெல்லாம் சில நூறு ரூபாய் விஷயம். நகைக்கடைக்குப் போகும்போதுதான் உண்மையிலேயே கவனம் வேண்டும். இரண்டு பவுன் செயின், 16 கிராம். கணக்குக்குச் சுலபமாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்தின் விலை 1,60,000. சேதாரம் 15 சதவீதம் என்றால் 24,000. இரண்டும் சேர்ந்த 1,84,000 மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 5,520. கையிலிருந்து போவது 1,89,520.

இப்போது 'சேதாரத்தில் 20% தள்ளுபடி' என்கிறார்கள். இந்த 20 எதில்? 24,000 ரூபாயில். குறைவது 4,800. நகையின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் அது 3 சதவீதம்கூட இல்லை. அதாவது 15 சதவீதச் சேதாரம் 12 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். தள்ளுபடியே தராமல் 11 சதவீதச் சேதாரம் சொல்லும் பக்கத்துக் கடையில் அதே எடைக்கு விலை குறைவு. தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதைவிட, 'தள்ளுபடி போகச் சேதாரம் எத்தனை சதவீதம்?' என்று கேளுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும்.

இன்னொன்று. 'உங்களுக்காகச் சேதாரத்தில் அஞ்சு பர்சன்ட் குறைச்சுத் தர்றோம்' என்று விற்பனையாளர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. 15 என்பது 10 ஆகலாம். அல்லது 15-இல் 5 சதவீதம் கழிந்து 14.25 ஆகலாம். நம் செயினில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 6,800 ரூபாய். வாய்க்கணக்கை நம்பாமல், பில் போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம், உங்கள் பணம்.

பின்னோக்கிக் கணக்குப் போடும்போதும் தப்பு வரும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,180 ரூபாய் என்றால், வரி போக விலை என்ன? 1,180-இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 967.60 வரும், அது தவறு. வரி போட்டது ஆயிரத்தின் மேல். 1,180-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும். சௌகார்பேட்டையில் மொத்தமாக வாங்கி வந்து விற்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 100 ரூபாய்க்கு வாங்கி 125-க்கு விற்றால் லாபம் போட்ட முதலின் மேல் 25 சதவீதம், விற்பனையின் மேல் 20 சதவீதம். கடை வாடகையை விற்பனையின் சதவீதமாகவும், லாபத்தை முதலின் சதவீதமாகவும் எழுதி வைத்தால் மாசக் கடைசியில் பணம் எங்கே போனது என்றே தெரியாது.

சதவீதங்களைச் சும்மா சராசரி எடுப்பதும் கூடாது. மழைக்காலத்தில் ஏரிகளின் நிலவரம் தினமும் வருகிறதே, அதையே பாருங்கள். சோழவரம் 100 சதவீதம், செம்பரம்பாக்கம் 50 சதவீதம் என்றால் இரண்டும் சேர்ந்து 75 இல்லை. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, சோழவரத்துக்கு 1,081 மட்டுமே. இருக்கும் நீரைக் கூட்டி மொத்தக் கொள்ளளவால் வகுத்தால் 61 சதவீதம்தான்.

கடைசியாக, குடும்பங்களை நிஜமாகவே நொடிக்க வைக்கும் கணக்கு: வட்டி. 'ரெண்டு ரூபாய் வட்டிதான்' என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். வங்கி சொல்லும் 12 சதவீதம் வருஷக் கணக்கு. 12 பெரிது, 2 சிறிது என்று நினைத்துவிடக் கூடாது.

வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடும் 'ஃபிளாட் ரேட்' இன்னும் மோசம். ஒரு லட்சம் கடன், 12 சதவீதம் ஃபிளாட், 12 மாதத் தவணை. வட்டி 12,000, மாசத் தவணை 9,333. ஆனால் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறோமே, ஆறாம் மாதம் முடிந்தபோது நம் கையில் இருப்பது முழு லட்சமா? திருப்பிக் கட்டிவிட்ட அசலுக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டுகிறோம். குறையும் பாக்கியின் மேல் போட்டுப் பார்த்தால் உண்மையான வருஷ வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். அதனால் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ தனிநபர் கடன் வாங்கும்போது கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த வருஷ வட்டி அதில் ஏபிஆர் என்று இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது, எனவே தமிழிலேயே கேட்கலாம்.