வால்வு லீக்குக்குக் குளிசை: வீட்டில் நாம் விடுகிற பிழைகள்

பைபாஸுக்குப் பிறகு எக்கோ (இதய ஸ்கான்) பார்த்துவிட்டு, "மைட்ரல் வால்வில் கொஞ்சம் லீக் இருக்கு, குளிசை தாறன்" என்று டாக்டர் சொன்னால், குளிசை அந்த ஓட்டையை அடைத்துவிடும் என்றுதான் வீட்டில் நினைப்போம். அடைக்காது. மாரடைப்பில் பழுதான தசை தளர்ந்து, இதயத்தின் இடது கீழறை பெரிதாகும்போது, அதன் வாசலிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் சரியாகப் பொருந்துவதில்லை. பைபாஸ் செய்த பலருக்கு ஒழுக்கு இப்படித்தான் வருகிறது. குளிசை இதயத்தின் சுமையைக் குறைக்கும். சுமை குறைந்தால் சிலருக்கு அறை சுருங்கி, ஒழுக்கும் குறையும். வால்வே பழுதென்றால் கதை வேறு.

"இப்ப மூச்சு வாங்கேல்ல, பிறகென்ன குளிசை?" என்று நிறுத்துவதுதான் பெரிய பிழை. மூச்சு வாங்காததே குளிசையால்தான். அதிலும் இதயத் துடிப்பைக் குறைக்கிற பிசோபுரோலோலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி திரும்பி வரலாம்.

என் மாமா திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். பஸ்ஸில் சலம் முட்டுமென்று, நீரைச் சலமாக வெளியேற்றுகிற ஃபுருசமைட் குளிசையை விட்டார். அங்கே போயும் எடுக்கவில்லை. நாலாம் நாள் வந்திறங்கியபோது செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. அன்றிரவு மூன்று தலையணை வைத்தும் மூச்சு முட்டி அவரால் படுக்க முடியவில்லை. அந்தக் குளிசையின் வேகம் ஆறு மணித்தியாலத்தோடு அடங்கிவிடும். பயண நாளில் நேரத்தை மாற்றலாமா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

தினமும் காலையில் சலம் போனபின், சாப்பிடுமுன் நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பில்லை, நீர். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் நமக்குச் சோறு இறங்காது என்பது தெரியும். ஆனால் அந்த உப்புதான் நீரைப் பிடித்து வைக்கிறது.

முழங்கால் வலிக்குப் பார்மசியில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்குவதும் அப்படித்தான். நீரும் தேங்கும், சிறுநீரகமும் கெடும். பனடோல் போதும்.

அப்புறம், கச்சான் காற்று வீசும் காலத்தில் ஆளுக்கு இரண்டு செவ்விளநீர் குடிப்போம். பிரஷர் குளிசையான லோசார்டானோடு, நீர்க் குளிசையான ஸ்பைரோனோலாக்டோனும் எடுப்பவருக்கு அது கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே குழம்பலாம்.

இதயத்தின் சுமையைக் குறைக்கிற எனலாபிரில் குளிசை எடுப்பவருக்கு வறட்டு இருமல் வந்தால், பாணி மருந்து குடித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு குளிசை தருவார். ஆனால் படுத்தால் வந்து, எழுந்து உட்கார்ந்தால் அடங்குகிற இருமலென்றால் நுரையீரலில் நீர் ஏறுகிறதோ என்று பார்க்க வேண்டும். அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு.