ரிசப்ஷனுக்கு டை கட்டும்போது எங்கே சறுக்குகிறோம்?

நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது எலாஸ்டிக் வைத்த ரெடிமேட் டை. தலை வழியாக மாட்டி காலரை மடித்துவிட்டால் வேலை முடிந்தது. அதனால்தான் கல்யாண ரிசப்ஷனுக்கு கோட் சூட் போடுகிற அன்று நிஜமான டையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறோம். மாப்பிள்ளை அறையில் ஒருவர் போனில் வீடியோவை ஓடவிட, நாலு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்ல, கடைசியில் கழுத்தில் ஏறுவது பெரும்பாலும் ஃபுல் விண்ட்சர் என்ற பெரிய முடிச்சு. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

ஃபுல் விண்ட்சர் இரண்டு பக்கமும் சமமாக, குண்டு முக்கோணமாக வரும். அது உட்கார அகலமாக விரிந்த காலர் வேண்டும். நாம் வழக்கமாகப் போடும் சட்டைகளில் காலர் முனைகள் நெருக்கமாகக் கீழே பார்த்திருக்கும். குண்டு முடிச்சு அவற்றைத் தூக்கிவிடும். ஒல்லியான முகமென்றால் போட்டோவில் முடிச்சுதான் முதலில் கண்ணில் படும். வேடிக்கை என்னவென்றால், 1936இல் முடி துறந்து விண்ட்சர் கோமகனான பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டே இந்த முடிச்சைக் கட்டியவர் இல்லை. டைக்குள் தடிமனான லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லி, எளிய ஃபோர் இன் ஹேண்ட் முடிச்சைத்தான் போட்டுக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அது பெரிய முடிச்சாகத் தெரிந்தது.

ஆக, முடிச்சின் அளவில் துணிக்கும் பெரிய பங்கு உண்டு. தடித்த பட்டு டைக்கு ஃபோர் இன் ஹேண்ட், வழுக்கும் மெல்லிய பாலியெஸ்டர் டைக்கு ஃபுல் விண்ட்சரைவிடச் சின்னதான ஹாஃப் விண்ட்சர் என்று வைத்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜில் தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டு, டையை 85 விதமாகக் கட்டலாம் என்று 1999இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். நமக்கு இந்த இரண்டு போதும்.

ஃபோர் இன் ஹேண்டை ஒரு தடவை செய்து பாருங்கள். அகல முனை வலப்பக்கம் நீளமாகத் தொங்கட்டும். அதை ஒல்லி முனைக்கு மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், பின்பக்கமாக வலப்பக்கம் எடுத்து, மறுபடி முன்னால் குறுக்கே இடப்பக்கம் கொண்டுபோங்கள். அப்புறம் கழுத்து வளையத்துக்குள் கீழிருந்து மேலே நுழைத்து, முன்னால் விழுந்த அந்தக் குறுக்கு மடிப்புக்குள் இறக்குங்கள். உடனே இறுக்கிவிடக் கூடாது. முடிச்சுக்குக் கீழே நடுவில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தி, இரண்டு ஓரங்களையும் கிள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் ஒரு சின்னக் குழி விழும். தட்டையாகக் கிடக்கும் டைக்கு உயிர் வருவது அந்தக் குழியில்தான். முடிச்சு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நிற்கும். அது அதன் இயல்பு, நேராக்க முயன்று நசுக்க வேண்டாம்.

அடுத்தது நீளம். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். தொப்பைக்கு மேலேயே நின்றுவிட்டால் பள்ளிப் பையன் மாதிரி இருக்கும். பக்கிளைத் தாண்டித் தொங்கினாலும் அசிங்கம். இது முடிச்சு போட்ட பிறகு இழுத்துச் சரிசெய்கிற சமாசாரம் இல்லை, ஆரம்பிக்கும்போதே முடிவாகிவிடும். ஒல்லி முனை தொப்புளுக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்துத் தொடங்குங்கள். முதல் தடவை சரியாக வராவிட்டால் அவிழ்த்து, அந்த முனையை ஓரிரண்டு அங்குலம் ஏற்றியோ இறக்கியோ கட்டினால் போதும். ஃபுல் விண்ட்சர் நிறைய துணியைத் தின்னும். உயரமானவர்களுக்கும் கழுத்து பருத்தவர்களுக்கும் டை குட்டையாகிப்போவதற்கு அதுவும் காரணம். வெய்ஸ்ட்கோட் போடுபவர்கள் அதன் கீழே நுனி எட்டிப்பார்க்காமல் பார்த்துக்கொள்ளவும்.

மேல் பட்டனைப் போடாமல் டையை வைத்து மறைப்பது இன்னொரு பழக்கம். முடிச்சுக்கு மேலே இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். பட்டன் இறுக்குகிறதென்றால் சட்டையின் கழுத்தளவுதான் தப்பு. போட்ட பிறகும் ஒரு விரல் நுழைய வேண்டும். டை பின் குத்துவதாக இருந்தால் மூன்றாவது, நான்காவது பட்டன்களுக்கு நடுவில், சட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கட்டும். மேடையில் மாலையை மாற்றி மாற்றிப் போடும்போது டை திரும்பிக்கொள்ளாமல் இருக்கும். வாடகைக்கு எடுத்தது பளபளக்கும் பட்டுக் காலர் வைத்த டக்ஸீடோ கோட் என்றால் நீள டையே வேண்டாம், பௌ டைதான் அதற்குப் பொருத்தம்.

அடுத்த விசேஷத்துக்கு ஆகுமே என்று முடிச்சோடு அப்படியே கழற்றி ஆணியில் மாட்டுவதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். தயவுசெய்து வேண்டாம். டைத் துணியை 45 டிகிரி சாய்வில் வெட்டுவார்கள். 1920களில் நியூயார்க்கின் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் கொண்டுவந்த முறை அது. முறுக்காமல் நேராகத் தொங்குவதும், கட்டியபின் பழைய நிலைக்குத் திரும்புவதும் அதனால்தான். முடிச்சோடு மாதக்கணக்கில் கிடந்தால் அந்தச் சுருக்கம் போகவே போகாது. ஒல்லி முனையைச் சரக்கென்று உருவாமல், கட்டிய வரிசையைத் திருப்பிச் செய்து அவிழ்த்து, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்து அழுத்தவும் கூடாது, ஓரங்கள் சப்பையாகிவிடும். பந்தியில் சாம்பார் தெறித்தால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, மறுநாள் டிரை கிளீனிங்கில் கொடுக்கும்போது கறை எதனால் பட்டது என்று சொல்லிக் கொடுங்கள்.