லயத்து முற்றத்திலிருந்து எரிநட்சத்திரம் பார்ப்பது எப்படி?

வானத்தில் கோடு கிழித்து மறைவது நட்சத்திரமே இல்லை. பெரும்பாலும் மணல் அளவுத் துகள்தான். வால்வெள்ளிகளும் சில சிறுகோள்களும் விட்டுப்போன தூசிக்குள் பூமி ஆண்டுதோறும் அதே நாட்களில் புகுந்து போகிறது. டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் ஜெமினிட் என்ற எரிநட்சத்திரப் பொழிவின் துகள்கள் பேத்தன் என்ற சிறுகோளுடையவை. நொடிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் அவை பாயும்போது முன்னாலுள்ள காற்று நெருக்குண்டு கொதிக்கிறது. துகள் ஆவியாகி, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒளிர்கிறது.

1. முதலில் மழையைப் பாருங்கள். நம் மலையகத்தில் இரு பக்கத்துக்கும் மழைக்காலம் வேறு. ஆகஸ்ட் 12, 13இல் பெர்சீட் என்ற இன்னொரு எரிநட்சத்திரப் பொழிவு வரும்போது ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவ மேகம் மூடியிருக்கும். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வறண்ட காலம். அங்கே சொந்தக்காரர் இருந்தால் புறப்பட்டுவிடுங்கள். டிசம்பரில் தலைகீழ்: பதுளைப் பக்கம் மழை, ஹட்டன் பக்கம் வாய்ப்பு அதிகம். அப்புறம், கலண்டரில் போயாவையும் பாருங்கள். நிலா வெளிச்சத்தில் மங்கல் கோடுகள் தெரியாது.

2. லயத்து முற்றமோ தோட்டத்து மைதானமோ போதும். தேயிலைக்குள் இறங்க வேண்டாம், சிறுத்தை நடமாடும்.

3. கண்ணைப் பழக்குங்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தாலும் பழகியது கலைந்துவிடும். டோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள்.

4. படங்கு விரித்து, கம்பளி போர்த்தி மல்லாந்து படுங்கள். தொலைநோக்கி வேண்டாம், அதில் வானம் சிறு துண்டாகிவிடும். ஜெமினிட் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் புனர்பூசத்து இரட்டை நட்சத்திரங்களுக்கு அருகே சேரும். துகள்கள் இணையாகத்தான் வருகின்றன. நேர்த் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். புனர்பூசம் இரவு 8 மணியளவில் வடகிழக்கில் உதிக்கும், 2 மணிக்கு உச்சிக்குப் பக்கம் வரும். அதையே உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள், அங்கேதான் கோடுகள் நீளமாக ஓடும்.

5. கால் மணிக்கொருமுறை எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதுங்கள். புனர்பூசத்திலிருந்து வராதவற்றைத் தனியாகக் குறியுங்கள், அவை வேறு தூசி.