பின்னத்தின் தலைகீழி: எதைத் திருப்ப வேண்டும்?

இரண்டு எண்களைப் பெருக்கினால் 1 வருகிறதா? அப்படியானால் அவை ஒன்றுக்கொன்று தலைகீழி. 3/4-இன் தலைகீழி 4/3. தொகுதி கீழே போகிறது, பகுதி மேலே வருகிறது. முழு எண்ணுக்கும் இது உண்டு: 5 என்பது 5/1 தானே, ஆகவே அதன் தலைகீழி 1/5. பூச்சியத்துக்கு மட்டும் கிடையாது. அதை எதனால் பெருக்கினாலும் 1 வராது. குறை எண் என்றால் குறி மாறாது: -2/7-க்கு -7/2.

கலப்புப் பின்னத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2⅓-இல் ⅓-ஐ மட்டும் திருப்பக் கூடாது. முதலில் 7/3 என்று மாற்றுங்கள், பிறகு திருப்பினால் 3/7.

இதன் முக்கியப் பயன் வகுத்தலில். 3 ÷ 1/2 என்றால் 3-க்குள் எத்தனை அரைகள் என்று பொருள். ஒவ்வொரு ஒன்றிலும் இரண்டு அரை, ஆக 3 × 2 = 6. திருப்பிப் பெருக்கச் சொல்வதன் காரணமே இதுதான். பிள்ளைகளுக்கு விதியைச் சொல்லும் முன் இதைச் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

திருப்ப வேண்டியது இரண்டாவது பின்னத்தை மட்டுமே. 2/3 ÷ 4/5 = 2/3 × 5/4 = 5/6. தவறுதலாக முதல் பின்னத்தைத் திருப்பினால் 6/5 வரும், அதாவது சரியான விடையின் தலைகீழி! விடைத்தாளில் இப்படி வந்திருந்தால் பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.