பத்து மாத அட்வான்ஸும் பதினோரு மாதப் பத்திரமும்

சென்னையில் வீடு தேடி அலைந்த எவருக்கும் இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். பத்து மாத அட்வான்ஸ், பதினோரு மாத ஒப்பந்தம். இரண்டுமே சட்டம் வகுத்தவை அல்ல, ஊர் வழக்கம் வகுத்தவை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் டூலெட் பலகையின் கீழ் நடக்கும் பேச்சு மட்டும் மாறவே இல்லை.

நான் பதினான்கு வருடம் வாடகை வீட்டில் இருந்தவள். இப்போது நங்கநல்லூரில் அம்மா வீட்டின் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துத் தவறுகளையும் நானே செய்திருக்கிறேன்.

பெரிய தவறு பத்திரத்தில்தான் தொடங்குகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்கத்தான் பதினோரு மாதக் கணக்கு வந்தது. புதிய வாடகைச் சட்டத்திடம் இந்தக் கணக்கு செல்லாது. காலம் எவ்வளவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு அல்ல, தனி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி இதைக் கவனிக்கிறார். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

"வீட்டுக்காரர் நல்லவர், பத்திரம் எதற்கு?" என்று கேட்கும் குடித்தனக்காரர்கள் நிறைய. அவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறியதையே காரணமாகக் காட்டி, வீட்டை மீட்டுத் தரும்படி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இடம் தருகிறது. வாடகை ஒழுங்காகக் கட்டியவருக்கும் இது பொருந்தும். பத்திரம் வீட்டுக்காரருக்கு மட்டுமான காகிதம் என்று நினைப்பவர் தன் கூரையையே பணயம் வைக்கிறார். உரிமையாளருக்கும் அதே கதைதான். பதியாத ஒப்பந்தத்தை நீட்டி வழக்கு நடத்துவது எளிதல்ல.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொல்கிறது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது தளரும் என்ற வாசலும் அதில் இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாதம் இன்னும் நுழைகிறது. மத்திய அரசு 2021-இல் ஒப்புதல் தந்த மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. நம் மாநிலமும் இதில் உறுதியாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இருபதாயிரம் வாடகைக்கு இரண்டு லட்சம் என்றால், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளை எங்கே போவான்? குறைந்தபட்சம் பேரம் பேசும்போது மூன்று மாதம் என்ற சட்ட எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். காலி செய்த பின் ஒரு மாதத்துக்குள், உரிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

"கடைசி மூன்று மாதத்தை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துவது குடித்தனக்காரர் பக்கத் தவறு. இரண்டு மாத பாக்கி வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்று. நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டிவிட்டால் தப்பலாம். ஆனால் உறவு கெட்டுவிடும். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் வாடகை ஆணையத்தில் செலுத்த வழி இருக்கிறது. அதைவிட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, தொகை, எந்த மாதத்து வாடகை, இரண்டு கையெழுத்து. மழையில் நனைந்து ஓரம் மடங்கிய அந்த நோட்டு, மாடியில் இருந்த ஒரு குடும்பத்தோடு வந்த பாக்கித் தகராறைப் பத்து நிமிடத்தில் தீர்த்தது. அந்த அம்மையார் கட்டியிருந்தார். தவறு எங்கள் பக்கம்தான். ரசீது தருவது உரிமையாளரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. வங்கிக் கணக்கில் போட்டாலும் எந்த மாதத்துக்கு என்று குறிப்பெழுதுங்கள்.

உரிமையாளர்கள் செய்யும் தவறுகளில் என்னால் பொறுக்கவே முடியாதது, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவது. என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மார்ச் மாத இரவில், வாடகை உயர்வுச் சச்சரவில் எங்களுக்கே அது நடந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் கணக்குப் போட்டான். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. ஆணையத்திடம் முறையிட்டால் உடனடியாக மீட்டுத்தர இடைக்கால உத்தரவு பெறலாம். அன்று எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மின்கட்டணத்திலும் கவனம் வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் இடங்களில் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு வருவதே இல்லை. தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே பத்திரத்தில் எழுதுங்கள்.

பழுது யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தின் இணைப்புப் பட்டியலே இருக்கிறது. கட்டட அமைப்பு, சுவருக்கு வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், வயரிங் எல்லாம் உரிமையாளருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, வடிகால் சுத்தம் ஆகியவை குடியிருப்பவருடையவை. பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதற்கு முன் இருவரும் இதைப் படித்துவிட்டுப் பேசலாம்.

சாவி வாங்கும் நாளில், சாமான் இறக்குவதற்கு முன், வெறும் வீட்டைப் படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், குளியலறைத் தரை, குழாய்கள், மின்மீட்டரின் எண். எங்கள் மாடிக்கு யார் வந்தாலும் இப்போது நானும் அவர்களும் சேர்ந்தே எடுக்கிறோம். சமையலறை மேடையில் ஏற்கெனவே இருக்கும் விரிசலை நானே காட்டிவிடுகிறேன்.