மீட்ட நாயை ஃபாஸ்டர் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்: வந்த அன்றிலிருந்து, போன பிறகு வரை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாய் மீட்பு பெரும்பாலும் தனி ஆட்கள் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற வேலை. 44ஆம் எண் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்தது, மழையில் பாலத்தடியில் கத்திக்கொண்டிருந்த குட்டிகள், சொறி பிடித்து ஊரே விரட்டியது என்று ஏதோ ஒன்றை ஒருவர் வீட்டுக்குத் தூக்கிவருகிறார். தத்துக்கு ஆள் கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். ஃபாஸ்டர் என்பது இதுதான். அதற்குள் அது செத்துப்போனால் மனசு இரண்டு விதமாக அடிக்கும். ஒன்று துக்கம். இன்னொன்று, "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்" என்கிற உறுத்தல். துக்கத்துக்கு வைத்தியம் இல்லை. உறுத்தலுக்கு உண்டு: எது தவறு, எது நாயோடு கூடவே வந்த நோய் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கான கணக்கு முதல் நாளிலேயே தொடங்குகிறது.

வந்ததும் குளிப்பாட்டுவது

அழுக்கும் உண்ணியுமாக வந்த நாயைப் பார்த்ததும் கை குழாயைத்தான் தேடும். வேண்டாம். பட்டினி கிடந்த குட்டிக்கு உடம்புச் சூடு ஏற்கெனவே குறைந்திருக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை மாதக் குளிரில் ஒரு குளியலே போதும், ராத்திரிக்குள் சுருண்டுவிடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியில் சுற்றி, உண்ணியை ஒவ்வொன்றாகக் கவ்வியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் அன்றைக்குப் போதும்.

சொறிக்குக் கழிவு ஆயில் தடவுவது இன்னும் நிற்கவில்லை. வண்டியில் வடித்த எண்ணெய் தோல் வழியாக உள்ளே போகும். மீதியை நாய் நக்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். புழு வைத்த புண்ணில் பாச்சா உருண்டையைப் பொடித்துப் போடுவதும் அதே ரகம்தான். அதுவும் விஷம். ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர் வகை மாத்திரைகள் சொறிப்பூச்சி, உண்ணி இரண்டுக்கும் வேலை செய்கின்றன. எடைக்கு ஏற்ற அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குக் கூடாது. வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பட்டினி நாய்க்குக் களி உருண்டை

இது பாசத்தால் நடக்கும் தவறு. எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு ஒரு பெரிய ராகிக் களி உருண்டையைக் கரைத்து வைப்பார்கள். ஒரே மூச்சில் காலி செய்யும். பார்க்க நிறைவாக இருக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தள்ளாடும், மூச்சு வாங்கும், சில சமயம் திடீரென்று போய்விடும். காரணம் இது: நாள் கணக்காகப் பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து ஒட்டுமொத்தமாக இறங்கினால் இன்சுலின் எகிறும். ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் போய்விடும். இதயமும் தசையும் ஓட அவை ரத்தத்தில் மிச்சம் இருக்காது.

10 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரி வேண்டும். முதல் நாள் அதில் கால்பங்குதான். ஒரு அவித்த முட்டை, அதில் பாதி அளவு எலும்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி. இதை நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் கணக்கு சரியாக வரும். நாலைந்து நாளில் மெல்ல முழு அளவுக்கு ஏற்றலாம். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு எந்த நாளும் வேண்டாம். கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்தில் கூடுதலாக ஒன்று: கொட்டையை விழுங்கினால் குடலில் போய் அடைத்துக்கொள்ளும். விடாமல் வாந்தி, வயிறு இறுகுவது, மலம் போகாமல் இருப்பது என்றால் காத்திருக்காதீர்கள். பல சமயம் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

கண் திறக்காத குட்டி என்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லென்று இருக்கும்போது வயிறு வேலை செய்யாது. ஊட்டிய பால் உள்ளேயே புளிக்கும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டும். பசும்பாலில் நாய்ப்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் குறைவு, லாக்டோஸ் அதிகம். நாய்க்குட்டிப் பால்பவுடர் கிடைக்கும்வரை ஒரு ராத்திரியைச் சமாளிக்க, தண்ணீர் கலக்காத பால் கால் லிட்டரில் 3 மஞ்சள் கரு, ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் அடித்துக் கொடுக்கலாம். மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். குப்புறப் படுத்து, தாயிடம் குடிக்கிற வாக்கில்தான் ஊட்ட வேண்டும். ஊட்டியதும் ஈரப் பஞ்சால் பின்பக்கத்தைத் தடவிவிடுங்கள். இந்த வயதில் அது தானாகச் சிறுநீர் போகாது.

14 நாள் தனியாக வைக்காதது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பார்வோ என்பது குட்டிகளின் குடலைத் தாக்குகிற வைரஸ். அது உள்ளே போய், வாந்தியும் ரத்தப் பேதியும் தெரிய 3 முதல் 7 நாள் ஆகும். சிலதுக்கு 14 நாள் வரை. டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோய்க்கும் ஒன்றிரண்டு வாரம். அதில் தாடை தானாக மெல்லுவது போல வெட்டுகிற நரம்புக் கோளாறு இன்னும் பல வாரம் கழித்துக்கூட வரும். அதனால் வந்த அன்று துள்ளி விளையாடுகிற குட்டி நோயில்லாத குட்டி என்று அர்த்தமில்லை. தனி அறை, தனித் தட்டு, தனிச் செருப்பு, கடைசியாகக் கவனிப்பது என 14 நாள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதன் தடுப்பூசிச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் புதியதை உள்ளே விட வேண்டும்.

பினாயில் ஊற்றிக் கழுவியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். பினாயிலை நம்பிப் பார்வோவை விட முடியாது. பிளீச்சிங் பவுடர் வேண்டும்: முதலில் சோப்புப் போட்டு மலம், வாந்தி எல்லாவற்றையும் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். பிரித்துப் பல மாதமான பொட்டலத்துக்கு வீரியம் இருக்காது. ஆசிட்டோடு சேர்த்து மட்டும் ஊற்றாதீர்கள்; வருகிற வாயு உங்களைத்தான் முதலில் தாக்கும்.

பார்வோ வந்துவிட்டால் வாந்தி எடுக்கிற குட்டியின் வாயில் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை. தினமும் நரம்பு வழியாக டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாடிக் கிடைத்தால் நிறையக் குட்டிகள் தப்பிக்கின்றன. கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை போய்விடும். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்குத்தான் முதல் இடம். மாலைக்கு மேல் ஆள் இருக்காது. எனவே நாய் நன்றாக இருக்கும்போதே ராத்திரி எங்கே போவது என்று விசாரித்து வையுங்கள். தர்மபுரிக்காரர்களுக்கு சேலம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு. கூடவே, வண்டிக்கும் வைத்தியத்துக்கும் எவ்வளவு வரை செலவு செய்ய முடியும், முடியாதபோது யார் முடிவெடுப்பது என்பதையும் முதல் வாரத்திலேயே வீட்டில் பேசிவிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, துவண்டு கிடக்கிற குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சில்லை அது.

வாய்க்குள் கை விடுவது

தாடை தொங்கி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் தவிக்கிற நாயைப் பார்த்தால் எலும்பு சிக்கியிருக்கிறது என்றுதான் தோன்றும். விரலை விட்டுத் தேடுவார்கள். வெறிநோயின் முடக்குவாத வகை பார்ப்பதற்கு அச்சு அசல் அப்படியே இருக்கும். தொடாமல் அடைத்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கடித்தாலோ எச்சில் காயத்தில் பட்டாலோ, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிதானே, பல் பட்ட மாதிரிதானே என்பதெல்லாம் கணக்கில்லை. அடிக்கடி நாய் எடுப்பவர்கள் முன்கூட்டியே 0, 7, 21 (அல்லது 28) ஆம் நாள் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கடிபட்டாலும் 0, 3 ஆம் நாள் இரண்டு ஊசி போதும், காயத்தில் போடுகிற இம்யூனோகுளோபுலின் (நேரடி எதிர்ப்புச் சக்தி மருந்து) தேவைப்படாது.

தெரியாத இடத்தில் கொண்டுபோய் விடுவது

குணமான தெருநாயை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். கருத்தடை செய்த நாய்களுக்கு 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதும் அதுதான். "காட்டுப் பக்கம் விட்டா பொழச்சுக்கும்" என்று அஞ்செட்டி பக்கமோ தொப்பூர் கணவாயிலோ இறக்கிவிட்டு வருவது கருணையில்லை. சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் என்கிற வெடியைக் கடித்துத் தாடை சிதறிய நாயைப் பார்த்தவர்கள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். கையிலேயே வளர்ந்த குட்டிக்குத் தெருவே தெரியாது. அதற்குத் தத்து வீடு ஒன்றுதான் வழி.

தத்துக் கொடுக்கும்போது நடக்கிற பெரிய தவறு, தீபாவளிக்கு முந்தின வாரம் கொடுப்பது. புது வீடு, புது ஆட்கள், வெடிச்சத்தம். கதவு திறந்த நொடியில் ஓடிவிடும். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதி, சாப்பாட்டு அளவையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து, அது படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். முதல் இரண்டு வாரம் நீங்கள் போய்ப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான். போனால் அது திரும்ப உங்களைத் தேடத் தொடங்கும். அழுகை வந்தால் அழுங்கள். உயிரோடு அனுப்பினாலும் பிரிவு பிரிவுதான்.

போன பிறகு

"நாய்தானே, இதுக்குப் போயி" என்று சொல்ல ஆள் வரும். இந்த வட்டாரத்தில் அந்தப் பேச்சு எடுபடக் கூடாது. அதியமான்கோட்டையில் காலபைரவருக்கு விளக்குப் போட வருகிற கூட்டம் பைரவரின் வாகனம் எது என்று அறியும். தர்மபுரி முழுக்க நடுகல் நிற்கிற பூமி. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட கல்லில், செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்ற அதன் பெயரையும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உறுத்தலுக்கு மருந்து ஒரு நோட்டு. வந்த தேதி, தினசரி எடை, என்ன சாப்பிட்டது, மலம் எப்படி, என்ன மருந்து என்று எழுதி வந்திருந்தால் பதில் அதிலேயே இருக்கும். நாலாம் நாள் ரத்தப் பேதி தொடங்கியிருந்தால் கிருமி அநேகமாக அது வரும்போதே கூட வந்தது. உங்கள் சாப்பாடோ படுக்கையோ காரணமில்லை. இருபத்தைந்தாம் நாள் என்றால் உங்கள் வீட்டில், உங்கள் செருப்பில் எங்கேயோ வழி இருந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் பார்த்து, அடுத்ததற்கு முன் அந்த வழியை அடைத்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, எல்லாப் பழியையும் தலையில் போட்டுக்கொண்டு ஃபாஸ்டரையே விட்டவர்கள் நிறைய. தூக்கமில்லாமல் வாரக் கணக்கில் ஓடினால் 14416க்குக் கூப்பிடலாம்; டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

கருணைக்கொலை என்று முடிவானால் முதலில் மயக்க ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். கண் திறந்தே இருக்கும், சிறுநீர் போகும், கடைசியாக ஒரு மூச்சு இழுக்கலாம். வலியால் அல்ல, உடம்பு தானாகச் செய்வது. முன்கூட்டித் தெரியாதவர்களுக்கு இந்தக் காட்சி வருடக்கணக்கில் கண்ணிலேயே நிற்கும். குழந்தைகளிடம் "தோட்டத்துக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். தேடிக்கொண்டே இருப்பார்கள். செத்துவிட்டது என்றே சொல்லுங்கள். வீட்டிலுள்ள மற்ற நாய் சில வாரம் சாப்பாட்டில் மந்தமாகத் தெரியும். நடை, சாப்பாட்டு நேரத்தை மாற்றாமல் வைத்தால் தேறும். இரண்டு நாள் அறவே சாப்பிடாவிட்டால் துக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

புதைக்க 4 அடி. இங்கே மண்ணுக்கடியில் பாறை. இரண்டடியிலேயே கடப்பாரை டங்கென்று நிற்கும், அங்கேயே மூடிவிட்டு வந்துவிடுவார்கள். மறுநாள் தெருநாய் தோண்டும். வேறு இடம் தேடுங்கள், கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி. பிளாஸ்டிக் பையில் போடாமல் துணியில் சுற்றி, மேலே கனமான கல்லை அடுக்குங்கள். கருணைக்கொலை மருந்து ஏறிய உடலைத் தின்கிற பிராணியும் சாகலாம், அதனால் அங்கே ஆழத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெறிநோய் சந்தேகம் இருந்தால் நீங்கள் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

அடுத்த நாய் எப்போது என்பதை மனசு மட்டும் தீர்மானிக்க முடியாது. பார்வோவில் போன குட்டி விளையாடிய மண் முற்றத்தில் கிருமி மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட, உயிரோடு இருக்கும். மண்ணை பிளீச்சிங் பவுடராலும் முழுக்கச் சுத்தமாக்க முடியாது. தடுப்பூசி முடியாத குட்டியை அதுவரை அங்கே இறக்காதீர்கள். தடுப்பூசி எல்லாம் போட்டு முடித்த பெரிய நாய் என்றால், சிமென்ட் தரையைக் கழுவிக் காயவிட்டதும் எடுத்துக்கொள்ளலாம். வயதான நாய்களைத் தத்தெடுக்கத்தான் யாரும் வருவதில்லை.